தண்ணி மெசினுக்குப் பொட்டு வச்ச கதை

பொய் சொல்றேனா? நானா? சாந்தி, இந்த வீட்டுக்கு மருமகளா வந்து இத்தன வருஷத்துல நான் ஒரு பொய் சொல்லிக் கேட்டிருக்கியா? சரி, வயசக் கொறச்சுச் சொல்லியிருப்பேன். அது கணக்குல வராது.

தண்ணியால எப்பிடி அத்த கோலம் போடுவாங்க, காஞ்சா போயிரும்லன்னு கேட்ட பாரு, நல்ல கேள்விதான். ஆனா போட்டேன். காஞ்சும் போகல. அதுதான் பிரச்சனையே.

ஒம் புருஷன் குமாரு இன்னிக்கு ஒரு தண்ணி மெசின் வாங்கியாந்து வாசல்ல வச்சிருக்கான்ல, அது மாதிரி ஒண்ணு இந்த வீட்டுல முன்னயே இருந்துச்சு. அவன் அப்ப கே.எல்.ல படிச்சிக்கிட்டு இருந்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டான்.

அப்ப வேல என்னன்னா, வாசல் கழுவணும். அவ்ளோதான்.

நம்ம வீடு தண்ணிமலக் கோயிலுக்குப் போற ரோட்டுல இருக்குதா, தைப்பூசத்துக்கு மொத நாளு ரதம் நம்ம கேட்டத் தாண்டித்தான் போவும். அன்னிக்கு வாசல்ல சொந்தக்காரங்க எல்லாம் குமிஞ்சிருவாங்க. வருஷா வருஷம் தேங்கா ஒடச்சு, அந்தத் தண்ணியும் மாமர நெழலும் சேர்ந்து, காடி நிக்கிற சிமெண்டு தரை முழுக்கப் பாசி. பாசின்னா சும்மா பாசி இல்ல. கறுப்பா, மொத்தமா, ஆட்டு ஈரலு மாதிரி.

அதுக்கு முந்துன வருஷம் ஒங்க மாமாவோட அக்கா, எம் பெரிய நாத்தனாரு ருக்குமணி, அந்தப் பாசியில வழுக்கி விழுந்துட்டாங்க. பட்டுச்சேலையோட. ரதம் வர்ற நேரத்துல. ஊரே பாக்க.

நான் சிரிக்கல. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டேன், அவ்ளோதான்.

அண்ணி எந்திரிச்சு, சேலையத் தட்டிவிட்டு, இனிமே எந் தம்பி வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு நிபோங் திபாலுக்குப் போயிட்டாங்க. ஒரு வருஷம் பேச்சே இல்ல. ஒங்க மாமாவுக்கு அக்கான்னா உசுரு. தீவாளிக்கு அவங்க முறுக்கு வரலன்னு நான் சுட்ட முறுக்க மொறச்சுப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாரு. தொடல. எம் முறுக்குல என்ன கொறன்னு இன்னிக்கு வரைக்கும் அவரு சொல்லல.

அப்புறம் யார் யாரோ தூது போயி, இந்தத் தைப்பூசத்துக்கு வர்றேன்னு அண்ணி ஒத்துக்கிட்டாங்க. "வாசலு சுத்தமா இருந்தா வர்றேன். இன்னொரு தடவ விழுந்தா, அதோட அக்காவும் இல்ல தம்பியும் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

ஒங்க மாமா எங்கிட்ட வந்து, "பாக்கியம், எப்பிடியாச்சும் அந்தப் பாசிய எடுத்துரு"ன்னாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்கிட்ட அவரு கெஞ்சினது அது ஒண்ணுதான்.

தொடப்பத்தால தேச்சேன். போகல. பிளீச்சிங் பவுடர் போட்டேன். எங் கால்ல தோலுதான் போச்சு. அப்பதான் பக்கத்து வீட்டு ஆ லெங் அக்கா, அவங்கள நீ பாத்ததில்ல, எங்கூட முப்பது வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசின சீனத்தி, அவங்கதான் சொன்னாங்க. பினாங் ரோட்டுல ஒரு கடையில தண்ணிய வேகமாப் பீச்சுற மெசின் வந்திருக்கு, அவங்க தம்பி மகன் வாங்கியிருக்கான், காடி கழுவுறான்னு.

போனோம். கடக்காரத் தவுக்கே நல்ல மனுஷன். என்ன கழுவப் போறீங்கன்னு மொதல்ல கேட்டாரு. வாசலு, காடி, சாக்கடக் காவா, முடிஞ்சா நாத்தனாரு வாயின்னு சொல்லலாம்னு பாத்தேன். ஒங்க மாமா பக்கத்துல நின்னாரு, சொல்லல.

தவுக்கே ரெண்டு மெசினக் காட்டினாரு. ஒண்ணு நீலம், கனமா, அழுத்தம் ஜாஸ்தி, நெறைய நேரம் ஓடும். இன்னொண்ணு மஞ்சளு, சின்னது, கொஞ்ச நேரம் ஓட்டிட்டு நிறுத்தி ஆறவிடணும். பாசிக்கு நீலந்தான் சரின்னு அவரும் சொல்றாரு, ஒங்க மாமாவும் சொல்றாரு.

நான் மஞ்சள எடுத்தேன். மங்களகரமா இருந்துச்சு.

எடுத்ததும் கெளம்பிட முடியுமா? ராகு காலம். அது முடியுற வரைக்கும் கடையிலயே ஒக்காந்திருந்தேன். தவுக்கே கோப்பி வாங்கிக் குடுத்தாரு. குடிக்கிறப்பவே பக்குவம் சொன்னாரு. தண்ணி வராம மெசின ஓட்டாதீங்க, உள்ள எரிஞ்சிரும். குழாத் தண்ணி உள்ள போற வாயில ஒரு குட்டிச் சல்லட இருக்கு, அதச் சுத்தமா வைங்க. முன்னால தண்ணி பீச்சுற துளை ஊசித் துளை, அதுல ஒரு மண்ணு போனாலும் அடச்சிக்கும்.

இதென்ன மெசினா, பிள்ள பெத்தவளான்னு கேட்டேன். இவ்ளோ பத்தியம்.

வீட்டுக்கு வந்ததும் பூச போட்டோம். சக்கரம் இருக்குல்ல? சக்கரம் இருந்தா வண்டி. வண்டின்னா எலுமிச்சம்பழம். ரெண்டு சக்கரத்துக்கும் வச்சு உருட்டி நசுக்கினேன். தேங்கா ஒடச்சேன். சூடம் காட்டினேன். அப்புறம் சந்தனம். சந்தனம்னா கடையில விக்கிற தூளு இல்ல, கட்டையில ஒரசி எடுத்தது, பச வைக்கிற மாதிரி கெட்டியா. எங்க வைக்கிறதுன்னு யோசிச்சேன். வேல செய்யுறது வாயி. வாயிலதான வைக்கணும்? தண்ணி உள்ள போற வாயி, வெளிய வர்ற வாயி, ரெண்டுலயும் வெரல விட்டு நல்லா அப்பினேன். பேருக்குப் பொட்டு வைக்கிற ஆளு நான் இல்ல.

ஒங்க மாமா, வாயில வைக்கக் கூடாதுன்னுதான தவுக்கே சொன்னாருன்னு இழுத்தாரு. அவரு மண்ணுன்னுதான் சொன்னாரு, சந்தனம்னு சொல்லலையேன்னு கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஆ லெங் அக்காவும் எம் பக்கம் பேசினாங்க. சீனப் பெருநாளுக்கு முன்னால அவங்க அடுப்படி சாமி வாயில இனிப்புத் தடவுவாங்களாம். சாமி மேல போயி வீட்டு விஷயத்த வத்தி வைக்காம இருக்குறதுக்கு. அவங்க சாமிக்கே வாய ஒட்டுறாங்க, நான் மெசினுக்குத்தான?

ஒடனே ஓட்டியிருந்தா ஒருவேள தப்பிச்சிருக்கும். மறுநாளு அஷ்டமி. அதுக்கு மறுநாளு நவமி. அப்புறம் செவ்வாக்கெழம. இப்பிடியே ரதம் வர்ற அன்னிக்குக் காலைல வரைக்கும் அது சாமி ரூம்புல சந்தனத்தோட ஒக்காந்திருந்துச்சு. சந்தனம் காஞ்சா எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியும்ல? சிமெண்டு.

அன்னிக்கு ஒங்க மாமா பசியாறிட்டு அக்காவக் கூட்டியார அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குக் கெளம்பிட்டாரு. பாலம் வந்து எவ்வளவோ நாளாச்சு, அண்ணி பாலத்துல வர மாட்டாங்க. கடலுக்கு நடுவுல தூணு மேல நிக்கிறதெல்லாம் ஒரு ரோடாம்பாங்க. அதனால ஃபெரிதான். அது வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு.

குழாயச் சொருகினேன். சுவிச்சத் தட்டினேன். மெசின் முக்குச்சு. முனகுச்சு. துப்பாக்கி மாதிரி ஒண்ணு கையில புடிப்போம்ல, அதோட நுனியிலேர்ந்து தண்ணி சொட்டுச்சு. பீச்சல. சொட்டுச்சு. எம் மாமனாரு கடைசி காலத்துல போன மாதிரி.

நுனியப் பாத்தா மஞ்சளா அடச்சிக்கிட்டு இருக்கு. சரின்னு தாலிக்கொடியில மாட்டியிருந்த ஊக்க எடுத்துக் குத்தினேன். குத்துனேன், திருகினேன், இன்னொரு குத்து. மெசின நிறுத்திட்டுக் குத்தணும்னு யாரும் எனக்குச் சொல்லல.

சர்ருன்னு ஒரு கம்பி வந்துச்சு பாரு. தண்ணியா அது? வெள்ளக் கம்பி. ஊக்கு பறந்து போயி ஆ லெங் அக்கா வீட்டு ரோஜாத் தொட்டியில குத்திக்கிச்சு. குழா பாம்பு மாதிரி துள்ளுது, நான் அதுக்கு மேல ஒக்காந்துதான் புடிச்சேன்.

புடிச்சுத் தரையப் பாத்தா, அந்தக் கறுப்புப் பாசியில சாக்கட்டியால கோடு போட்ட மாதிரி வெள்ள வெளேர்னு ஒரு கோடு. சிமெண்டு போட்ட அன்னிக்கு இருந்த வெள்ள. துளையில பாதி அடப்பு இன்னும் இருந்துச்சா, கம்பி மெல்லிசா, பென்சில் மாதிரி வருது.

நீயே சொல்லு. கறுப்புத் தரை. கையில வெள்ளக் கோடு போடுற சாமான். விடிஞ்சா பூசம். எங் கை சும்மா இருக்குமா?

ஒரு பூ மட்டும் போடலாம்னுதான் ஆரம்பிச்சேன். ஒரு பூவுக்கு எட்டு இதழு. இதழுக்கு இதழு ஒரு மாங்கா. மாங்காய்க்குச் சுத்தி சங்கிலி. இந்த மாதிரி ஒரு கோலம் கோயிலு போட்டியில போட்டு ரெண்டாம் பரிசு வாங்குனவ நான். மொதப் பரிசு வாங்குனவ புள்ளி வைக்கவே தெரியாதவ. நடுவரு அவளோட சித்தி. அத இப்ப பேச வேணாம்.

நடுவுல ஒரு பொக வாசம் வந்துச்சு. யார் வீட்டுலயோ சாம்பிராணி போடுறாங்க, நல்ல நாளுன்னு நெனச்சுக்கிட்டேன். கன்னத்துல கூடப் போட்டுக்கிட்டேன். அந்தப் பொக எம் மெசினுக்குள்ளேர்ந்து வருதுன்னு எனக்கென்ன தெரியும்? பின்னாடி சல்லடையில அப்பின சந்தனம் அப்பிடியே இருந்துச்சு, உள்ள தண்ணி சரியாப் போகல.

கடைசி மாங்கா முடிஞ்சுது. மெசின் டக்குன்னு நின்னுச்சு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல.

ஆ லெங் அக்கா எட்டிப் பாத்துட்டு, "சந்தேக் லா, பாக்கியம்"னாங்க. அழகா இருக்காம். அழகாத்தான் இருந்துச்சு. கேட்லேர்ந்து வாசப்படி வரைக்கும் ஒரே கோலம். கோலத்துக்கு வெளிய, ரெண்டு ஓரத்துலயும், இதழுக்குள்ள, மாங்காய்க்குள்ள, எல்லாத்துலயும் பாசி பாசியாவே இருக்கு. இப்ப ஈரம் வேற.

அப்பதான் ஒங்க மாமா காடி வந்து நின்னுச்சு.

அண்ணி எறங்கினாங்க. பச்சப் பட்டு. கையில ஒரு டின்னு, முறுக்கு டின்னு. கேட்டுக்கிட்ட வந்து குனிஞ்சு பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"யாரு போட்டது?"

நான்தான் அண்ணின்னேன். நல்லாருக்குன்னாங்க. எனக்குத் தல கால் புரியல. சரி உள்ள வாங்க அண்ணி, அந்த வெள்ளக் கோட்டு மேலயே கால வச்சு வாங்க, அதுதான் வழுக்காதுன்னேன்.

அண்ணி மூஞ்சி மாறிடுச்சு. "ரதம் வர்ற நாளு, கோலத்த மிதிச்சுக்கிட்டு வரச் சொல்றியா புள்ள?"

அட, அத நான் யோசிக்கவே இல்ல சாந்தி. வழுக்காத எடம் மொத்தமும் கோலம். மிதிக்கக் கூடிய எடம் மொத்தமும் பாசி.

ஒங்க மாமா ஓடிப் போயி பழைய பேப்பரக் கொண்டாந்து விரிச்சாரு. அண்ணி, பேப்பரு சரஸ்வதின்னாங்க. சரி, சாக்கு கொண்டாந்து போட்டாரு. அரிசிச் சாக்கு. அது லட்சுமின்னாங்க. அவரு பாவம், சட்டையக் கழட்டிப் போடவான்னு கேட்டாரு. அக்கா வாசலோட திரும்பிருவாங்களோன்னு அந்த மனுஷன் மூஞ்சி அழுவுற மாதிரி ஆயிருச்சு. அத என்னால பாக்க முடியல.

நான் ஓரமாப் போயி கைய நீட்டினேன். பூத்தொட்டி ஓரமா, எங் கையப் புடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க, நான் விட மாட்டேன்னேன். அண்ணி முறுக்கு டின்ன அவருகிட்டக் குடுத்துட்டுப் புடிச்சாங்க. ஒரு அடி வச்சாங்க. ரெண்டாவது அடி.

நான் சொன்ன சொல்லக் காப்பாத்தினேன். கைய விடல. அதனால ரெண்டு பேரும் விழுந்தோம். விழுந்து, வழுக்கி, கோலத்த ஒரு சுத்து சுத்தி, காவா ஓரத்துல போயி நின்னோம். கோலத்து மேல படல.

ஒங்க மாமா முறுக்கு டின்னோட செல மாதிரி நிக்கிறாரு. அவ்ளோதான், அக்காவும் இல்ல தம்பியும் இல்லன்னு நெனச்சுக்கிட்டே மெல்லத் திரும்பிப் பாத்தா, அண்ணிக்குத் தோளு குலுங்குது. அழுவுறாங்கன்னு நெனச்சேன்.

முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு இருந்தாங்க.

"போன தடவ விழுந்ததுக்கா புள்ள நான் கோவிச்சுக்கிட்டேன்? நீ நின்னுக்கிட்டுச் சிரிச்சியே, அதுக்குத்தான்"னாங்க. அப்புறம் எம் முதுகப் பாத்தாங்க. "இப்ப சரியாப் போச்சு"ன்னாங்க.

அன்னிக்கு வந்த சொந்தக்காரங்க அத்தன பேரும் ஆ லெங் அக்கா கேட் வழியா உள்ள போயி, நடு வேலிய ஏறிக் குதிச்சுத்தான் நம்ம வீட்டுக்கு வந்தாங்க. கோலத்த மிதிக்க யாருக்கும் மனசில்ல. ஸ்டூலு போட்டுக் குடுத்தது ஒங்க மாமாதான். ரதம் வந்தப்ப அண்ணியும் நானும் முதுகெல்லாம் பாசியோட ஒண்ணா நின்னு தேங்கா ஒடச்சோம். முறுக்கு டின்ன அவரு ஒருத்தரே காலி பண்ணிட்டாரு.

மெசினத் தவுக்கேகிட்டக் கொண்டு போனோம். சல்லடையக் கழட்டி, மஞ்சளாச் சொரண்டி, மோந்து பாத்தாரு. சாமி கும்பிட்டீங்களா ஆண்ட்டின்னு கேட்டாரு. ஆமான்னேன். எங் கடையிலயும் சாமி இருக்கு, நான் மெசின் வாயில எதையும் வைக்கிறதில்லன்னாரு. மாத்தித் தர மாட்டேன்னுட்டாரு. கோப்பி மட்டும் வாங்கிக் குடுத்தாரு.

பாசி திரும்ப மூடுற வரைக்கும் அந்தக் கோலம் கெடந்துச்சு. அதுவரைக்கும் ஒங்க மாமா காடிய ரோட்டுலதான் நிறுத்தினாரு.

இப்ப நம்புறியா? நம்பாட்டிப் போ. இந்தத் தடவ தவுக்கே சொன்னத நான் மறக்கல. வாயில வைக்க மாட்டேன், நெத்தியில மட்டுந்தான். நெத்தி எதுன்னு பாத்துக்கலாம்.

டேய் குமாரு, மழ தூறுது, அந்த மெசின உள்ள கொண்டா. அப்பிடியே சந்தனக் கட்டையும் எடுத்துட்டு வா.