நான்கு விளக்கும் ஒரு தாய்மாமனும்

வண்டிக்குக் கூடுதல் விளக்கு வாங்கப் போகிறவன் எந்தப் பாதையில் ஓட்டப்போகிறோம் என்று யோசிக்க வேண்டும். நான் யார் யார் பார்ப்பார்கள் என்று யோசித்தேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருமே இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். என் தரப்பு நியாயமும் எங்காவது பதிவாகட்டுமே என்றுதான் எழுதுகிறேன். (நியாயம் எதுவும் இல்லை என்பது போகப்போகத் தெரியும்.)

தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸிலிருந்து குச்சியும் சட்டங்களும் ஏற்றிக்கொண்டு, பசுவந்தனை, எப்போதும்வென்றான் பக்கத்து ஊர்களில் வீடு வீடாக இறக்குவேன். பெண்கள் குச்சி அடுக்கிக் கொடுத்த சட்டங்களைச் சாயங்காலம் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். கோடையில் பாதை முழுக்கப் புழுதி. ஒரு மழை பெய்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு இறங்கவே இறங்காது. ஜீப்பின் முகப்பு விளக்குகள் இரண்டும் நோயாளி மாதிரி சோகையாக எரியும். ஆகவே கூடுதல் விளக்கு தேவை என்பது உண்மைதான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் செண்பகம் அண்ணாச்சியிடம் போனேன். அவர் பேச்சைத் தொடங்கியதே கேள்வியில்தான்.

"எங்கன ஓட்டுதீரு?"

"கரிசக்காட்டுல அண்ணாச்சி. தெனமும்."

"அப்போ மஞ்சக் கண்ணாடி லைட்டு ரெண்டு போதும். பம்பருக்குக் கீழ, தாழ வச்சுத் தாரேன். வெளிச்சம் அகலமா விழும், பள்ளம் மேடு நல்லாத் தெரியும். புழுதியிலயும் கண்ணு கூசாது."

நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அலமாரியில் இருந்த நான்கு பெரிய வெள்ளை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். அதற்கு மேலே சுவரில் ஒரு காலண்டர். அதில் ஏதோ ஒரு பாலைவனத்தில் ஒரு ஜீப் பறந்துகொண்டிருந்தது, கூரை மேல் வரிசையாக விளக்குகளோடு. ஓட்டியவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். என்னிடமும் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன காரணம் வேண்டும்?

"அந்த நாலையும் கூரை மேல வச்சிரும் அண்ணாச்சி."

"அது நேரா தூரத்துக்கு அடிக்கும்யா. உம்ம பாதையில தூரத்துல என்ன இருக்கு? பள்ளம் சக்கரத்துக்கு முன்னாலல்லா கெடக்கு! மேல வச்சா பானெட்டுல பட்டு உம்ம கண்ணுலயே திருப்பி அடிக்கும். பேட்டரியும் தாங்காது. மழை பேஞ்சா வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி வேற வரும்."

"பூச்சி வந்தா நம்மளத் தின்னா போட்டுரும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தனி ரிலேயாவது போட்டுக்கிடும். இல்லன்னா ஒயரு பொசுங்கும்."

ரிலே எங்கே இருக்கும் என்று கேட்டேன். உள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கும் என்றார். யார் கண்ணுக்கும் தெரியாத சாமான் எனக்கு எதற்கு? வேண்டாம் என்றேன். "சரி, வண்டி உம்மது" என்று ஸ்பானரை எடுத்தார்.

அந்த வாரம் முழுவதும் பட்டப்பகலில் நான்கு விளக்கையும் எரியவிட்டபடி ஊரைச் சுற்றினேன். டீக்கடையில் ஒருவர், "ஏலே, சர்க்கஸ் எந்த மைதானத்துல?" என்று கேட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கழுகுமலைக்காரர்கள். சாயங்காலம் ஏழரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன் கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அங்கேதான் சிக்கல். தன்னைக் கேட்காமல் சம்பந்தம் பேசிவிட்டார்கள் என்று மாமா முறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு முறை வெற்றிலை பாக்கோடு போய் அழுதுவிட்டு வந்த பிறகு, "வண்டி அனுப்பு, வாரேன்" என்று இறங்கி வந்திருந்தார். முதல் நாள் பெய்த மழையில் அவர் ஊர்ப் பக்கம் பேருந்து நின்றுவிட்டது. மண்பாதையில் போகிற வண்டி என் ஜீப் ஒன்றுதான்.

கிளம்பும்போது அக்கா வாசலுக்கு வந்தாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

"தம்பி, மாமாவ நேரத்துக்குக் கூட்டியாந்துருடா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"நாலு லைட்டு இருக்கு, கவலப்படாத" என்றேன்.

பசுவந்தனையைத் தாண்டி, காட்டுக்குள் ஆட்டுக் கிடையை ஒட்டி மாமாவின் வீடு. நான் நான்கரைக்கே போய்விட்டேன். மாமா நிதானமாகக் குளித்தார். ஆடுகளை எண்ணினார். பட்டு வேட்டியை உடுத்தி, அவிழ்த்து, மறுபடி உடுத்தினார். காப்பி குடித்தார். நாங்கள் கிளம்பியபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் பாதை நன்றாகத் தெரிந்தது.

இருந்தாலும் நான் சுவிட்சைத் தட்டினேன்.

"இன்னும் வெளிச்சம் கெடக்கே, எதுக்குலே லைட்டு?" என்றார் மாமா.

"பாருங்க மாமா!"

பார்த்தோம். அரை மைலுக்கு அப்பால் வரப்பில் நின்ற வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. சக்கரத்துக்கு முன்னால் இருந்த பள்ளம் மட்டும் தெரியவில்லை. பானெட்டில் பட்ட வெளிச்சம் கண்ணில் அடிக்க, முன்சக்கரம் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கி, என்ஜின் இருமிவிட்டு நின்றது.

அப்போது முதல் ஈசல் வந்தது. முதல் மழைக்கு மறுநாள் அந்தி, புற்றுகளெல்லாம் திறக்கிற நேரம். சுற்று வட்டாரத்தில் இருந்த ஒரே வெள்ளை வெளிச்சம் என் கூரை மேல் இருந்தது. ஒன்று, நான்கு, நாற்பது என்று வந்து, அப்புறம் கண்ணைத் திறக்க முடியாதபடி வந்தது. காதில், மூக்கில், சட்டைக்குள். மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள்ளும் போனது. (செண்பகம் அண்ணாச்சி, பூச்சி என்னைத் தின்னவில்லை. நான்தான் பூச்சியைத் தின்றேன்.)

சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"ஏ தம்பி, அணைச்சிராத! அணைச்சிராத!"

பக்கத்துக் குடியிருப்பிலிருந்து சட்டியும் குத்துப்போணிப் பாத்திரமும் சேலையுமாக ஊரே ஓடி வந்தது. ஈசலை வறுத்து அரிசியும் பொட்டுக்கடலையும் சேர்த்துத் தின்கிற ருசி கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். விளக்கு வைத்துப் பிடிப்பார்கள்தான். ஆனால் அரிக்கேன் விளக்குக்கு வருவதும் இதுவும் ஒன்றா? நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே இறங்கியிருந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, அங்கவஸ்திரத்தைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நிச்சயத்துக்கு நேரமாச்சு!"

"நேரம் இருக்குலே. அந்தப் பக்கம் பிடி."

என் வாழ்க்கையில் அவ்வளவு தவிப்பாக நான் எதையும் பிடித்ததில்லை. அக்கா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கால் மணி நேரத்தில் விளக்குகள் மங்கின. பொசுங்கின வாடை வந்தது. நான்கும் அணைந்தன, கூடவே முகப்பு விளக்குகள் இரண்டும். ஆறு விளக்கு உள்ள வண்டியில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பேட்டரியும் போய்விட்டது.

"மாமா, அக்கா கல்யாணம் போச்சு மாமா" என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏ, எல்லாரும் சட்டிய வச்சிட்டு வாங்க! எம் மருமவளுக்கு இன்னைக்கு நிச்சயம்!" என்று காடு அதிரக் கத்தினார்.

இருபது பேர் தோள் கொடுத்தார்கள். ஜீப் சேற்றிலிருந்து வெளியே வந்தது. தள்ளிய தள்ளில் என்ஜினும் பிடித்துக்கொண்டது. யாரோ ஐந்து கட்டை டார்ச் லைட் ஒன்றைக் கொடுத்தார்கள். மாமா பானெட் மேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் டார்ச், மடியில் ஈசல் நிறைந்த குத்துப்போணி. "எடது பக்கம் ஒடி... பள்ளம்லே, பள்ளம்..." என்று கோவில்பட்டி வரைக்கும் அவர்தான் எனக்கு விளக்கு.

ஏழு இருபதுக்கு வாசலில் நிறுத்தினேன். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாய்மாமன் பானெட்டிலிருந்து இறங்கினார். முழங்கால் வரை கரிசல், தலை முதல் மீசை வரை ஈசல் இறகு. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்தார். கதவோரம் நின்ற அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து வந்தவர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குத்துப்போணிக்குள் பார்த்தார்.

"முத மழை ஈசலா?"

"ஆமா சம்பந்தி. உங்களுக்குத்தான்" என்றார் மாமா, கூசாமல்.

"அப்போ தட்டுல இதையும் வைங்க" என்றார் அவர். பந்தல் சிரித்த சிரிப்பில் அக்காவும் சிரித்தாள். நான் ஜீப்புக்குப் பின்னால் போய் அழுதேன். (கண்ணில் இறகு என்று இன்றுவரை சாதித்து வருகிறேன்.)

மறுவாரம் செண்பகம் அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு மஞ்சள் விளக்குகளைத் தாழ வைத்து, ரிலேயும் போட்டுக் கொடுத்தார். ஜீப்பை விற்கிற வரைக்கும் அவை போதுமானதாக இருந்தன. பொசுங்காமல் தப்பிய ஒரு வெள்ளை விளக்கை அத்தான் கேட்டு வாங்கி, கழுகுமலை வீட்டுக் கொல்லையில் மாட்டினார். ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்கு மறுநாள் அவரிடமிருந்து போன் வரும். "மாப்ள, லைட்டப் போடப் போறோம். ஒம்ம மாமாவ நேரத்துக்குக் கூட்டிட்டு வாரும்."

போன ஐப்பசியிலும் கூட்டிப் போனேன். மாமாவுக்கு இப்போது பல் இல்லை. அக்கா ஈசலை வறுத்து இடித்துக் கொடுக்கிறாள். சாப்பிட்டு முடித்து, ஈசல் கூட்டமும் ஓய்ந்துவிட்டதே என்று நான் சுவிட்சைத் தொட்டேன்.

"அணைச்சிராதலே" என்றார் மாமா. "நிச்சயத்துக்கு நேரம் இருக்கு."