விவசாயி மகன் சொன்ன தீர்ப்பு

குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி வரும். கண்ணில் படுவதையெல்லாம் குறை சொன்னால்தான் படித்ததற்கு அடையாளம் என்று நினைப்பான். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பேன். பங்குச் சாமியாரின் பிரசங்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பேன். (கண்டுபிடித்து என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வேன். அம்மா வெங்காயம் ஆய்ந்தபடியே, "அப்படியா அப்பு" என்பாள்.)

எம்.சி.ஏ. முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்தபோதுதான், இந்த வியாதிக்குச் சம்பளம்கூடக் கொடுப்பார்கள் என்று தெரிந்தது. வீடியோ கேம்களைத் தமிழில் விமர்சனம் செய்யும் சென்னைச் சேனல் ஒன்று ஆள் தேடியது. விண்ணப்பித்தேன். ஒரு கேமை அனுப்பி, "ஞாயிற்றுக்கிழமை காலையில் விளையாடிக்கொண்டே லைவ்வாக விமர்சனம் செய்யுங்கள், நாங்கள் பார்க்கிறோம். தேறினால் வீட்டிலிருந்தே வேலை" என்றார் அதன் எடிட்டர். அம்மா இதைக் கோயிலுக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள். இனி வேலை கிடைக்காவிட்டால் நான் வேறு மாவட்டத்துக்குத்தான் குடிபோக வேண்டும்.

அந்த கேமைப் பற்றி இரண்டு வார்த்தை. இன்னும் செய்தே முடிக்கவில்லை, அதற்குள் விற்பனைக்கு வந்துவிட்டது. எர்லி ஆக்சஸ் என்று கௌரவமாகப் பெயர் வைத்திருந்தார்கள். வேகாத சோற்றைப் பரிமாறிவிட்டு, எங்கே வேகவில்லை என்று சாப்பிடுகிறவனிடமே கேட்கிற ஏற்பாடு. ஒரு பொட்டல்காட்டில் தனியாக இறக்கி விடுவார்கள். கல் பொறுக்கி, கட்டை பொறுக்கி, கோடாலி செய்து, குடிசை போட்டு, கிணறு வெட்டி, செடி வளர்த்துச் சாகாமல் இருக்க வேண்டும். ஒரு வாளி செய்ய நாற்பது குச்சி கேட்டது. (எங்கள் ஊரில் நாற்பது குச்சி இருந்தால் ஆட்டுக்குப் பட்டியே போட்டுவிடுவோம்.) கோடாலி மூன்று மரத்துக்குமேல் தாங்கவில்லை. மான் முழங்கால்வரை மண்ணுக்குள் புதைந்தபடியே ஓடியது. ஓநாய் கதவைத் தட்டாமல் சுவர் வழியாக உள்ளே வந்தது.

பதினேழு குறைகளை நோட்டில் எழுதினேன். பதினேழாவதுதான் என் பிரம்மாஸ்திரம்: எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் செடி செத்துப்போகிறது. அதற்கு ஒரு வசனமும் தயார் செய்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். "நான் விவசாயி மகன், சொல்கிறேன். இதைச் செய்தவர்கள் வாழ்க்கையில் ஒரு செடியைக்கூடப் பார்த்ததில்லை."

விவசாயி மகன் என்பது உண்மைதான். ஆனால் "படிக்கிற புள்ள, வெயில்ல நிக்காத" என்று சொல்லிச் சொல்லியே என்னைத் தோட்டத்துப் பக்கம் அண்டவிடாமல் வளர்த்திருந்தார்கள். மம்பட்டிக்கு எந்தப் பக்கம் கூர் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு அப்பா தக்காளிப் பெட்டிகளோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போய்விட்டார். மும்முனைக் கரண்ட் வந்த நேரம், அம்மா சின்ன வெங்காயத்துக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தாள்.

"ஏலே சூசை, நான் பூசைக்குப் போயிட்டு வாரேன். ஒரு பாத்தி நெறஞ்சதும் மடைய அடைச்சு அடுத்த பாத்திக்கித் தெறந்து விடு. அம்புட்டுதான். மறந்துறாத, வெங்காயத்துக்குத் தண்ணி நிக்கக் கூடாது."

"சரிம்மா, செத்த நேரத்துல போறேன்" என்றேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

முப்பது நாற்பது பேர் பார்த்தார்கள். எடிட்டரும் அதில் இருந்தார். வாளியைக் கிழித்தேன், மானைக் கிழித்தேன், ஓநாயைக் கிழித்தேன். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. பதினேழாவது குறைக்கு வந்தேன். திரையில் என் செடி மஞ்சளடித்து நின்றது. ஒரு வாளி ஊற்றினேன். இன்னும் மஞ்சளானது. இன்னொரு வாளி ஊற்றினேன். தலை தொங்கியது.

"ப்ரோ, தண்ணி ஓவரோ?" என்று ஒருவர் எழுதினார்.

ஏளனமாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பு பதிவாகியிருக்கிறது. நான் இன்றுவரை அதைப் பார்க்கவில்லை.) "நான் விவசாயி மகன், சொல்கிறேன்..." என்று ஆரம்பித்தேன்.

கதவு படாரென்று திறந்தது. கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு அம்மா நின்றாள். கையில் மம்பட்டி.

"ஏலே! வெங்காயம் பூராம் கொளமாக் கெடக்கு! தண்ணி ரோடு வரைக்கும் ஓடுது! மடைய மாத்தச் சொன்னேன்ல? இங்க ஒக்காந்து யாருகூடப் பல்லக் காட்டிட்டு இருக்க?"

"அம்மா... லைவ்..." என்றேன் ஈனக்குரலில்.

அம்மாவின் கண் திரைக்குப் போனது. கிட்டே வந்து குனிந்தாள்.

"இது என்னடா?"

"கேமும்மா. செடி தானாச் சாகுது. இதுல ஒரு தப்பு இருக்கு, அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"தானாச் சாகுதா? வேரு அழுகிப் போயிக் கெடக்கு. இம்புட்டுத் தண்ணியில நின்னா நீயே செத்துப்போவ! செஞ்சவன் சரியாத்தான் செஞ்சிருக்கான்."

திரையின் ஓரத்தில் சிரிப்புப் படங்கள் அருவியாகக் கொட்டின. நான் மைக்கை அணைக்கப் பார்த்தேன். பதற்றத்தில் ஒலியைக் கூட்டிவிட்டேன். எடிட்டர் ஒரு வரி எழுதினார்: "அம்மாவிடமே கேளுங்கள், இந்த கேம் எப்படி?"

கேட்டேன். வேறு வழியில்லை. என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று சொன்னேன். விறகு, கல், மூன்றே மரத்தில் உடைகிற கோடாலி, கிணறு, குடிசை. அம்மா மம்பட்டியை ஊன்றியபடி முழுசாகக் கேட்டாள்.

"இதக் காசு குடுத்து வாங்குறானுங்களா?"

"ஆமாம்மா."

"வெறகு பொறுக்குறது வெளையாட்டா? கெணறு வெட்டுறது வெளையாட்டா? கிறுக்குப் பயலுகளா இருக்கானுங்க. அம்புட்டு ஆசையா இருந்தா நாளைக்கிக் காலையில நம்ம தோட்டத்துக்கு வரச் சொல்லு. கோடாலி நான் தாரேன், ஒடையாது."

என் பதினேழு குறையும் அந்த ஒரு தீர்ப்புக்கு உறைபோடக் காணாது. எடிட்டர் மறுநாள் தன்மையாகப் பேசினார். என் விமர்சனத்தைப் போட முடியாதாம். கேமைச் செய்தவர்களிடம் விசாரித்தார்களாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகுவது பிழையல்ல, மெனக்கெட்டு வைத்ததாம். என் ஏளனச் சிரிப்பில் தொடங்கி அம்மா பேசி முடித்தது வரைக்கும் மட்டும் வெட்டிப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். போட்டார். எங்கள் ஊரில் போன் வைத்திருக்கிற எல்லோரும் பார்த்தார்கள். வேலை கைநழுவிப் போனது. வெங்காயத்தில் பாதி அழுகிப் போனது. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அழுகியதை நானே பிடுங்கிப் போட்டேன். அந்த நாற்றம் எந்த கேமிலும் வராது.

இப்போது திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா மரியாதையாகக் கேட்டார், "மாப்பிள்ளைக்கு வெள்ளாமைப் பழக்கம் உண்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஏன் இல்லாம? நெலத்துல ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஒண்ணுன்னு ஒரே காலையில ரெண்டு வெள்ளாமைய அழுக வச்ச புள்ள!"

உள்ளே பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தாளாம். அதில் என் ஏளனச் சிரிப்பை மட்டும் நான்கு தடவை.

கல்யாணமாகி எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் போட்டால் அவள்தான் மடை மாற்றப் போகிறாள். நானும் கூடப் போவேன். வரப்பில் நிற்கலாம், பேசலாம். மம்பட்டியைத் தொடக் கூடாது.