ஆபராவுக்குப் போட்ட ஆதி தாளம்

ரங்கூனில் ஒரு கொட்டகை நிறைய வெள்ளைக்காரர்களைத் தப்பான இடத்தில் கைதட்ட வைத்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் காது சூடாகிறது.

அப்போது நான் அங்கே இண்டர்மீடியட் மாணவன். கும்பகோணத்திலிருந்து கப்பலேறி வந்து, பசுந்தாங் பேட்டையில் பெரியப்பா மகன் முத்தண்ணனின் மாடி அறையில் தங்கிப் படித்தேன். படித்தேன் என்பது மரியாதைக்கு. கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டிருந்தேன் (அகழியோடு சேர்த்து). மறுபடி எழுத வெள்ளைக்காரக் கணக்குப் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார் துரை.

அதற்குள் ஒரு சோதனை. இத்தாலியிலிருந்து ஆபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம், போடும் குழு ஒன்று வந்திருந்தது. துரையோடு போக இருந்த நண்பர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எனக்குச் சங்கீதம் உயிர் என்று எப்போதோ அவரிடம் உளறியிருந்தேன். சனிக்கிழமை தன்னோடும் மனைவியோடும் வரும்படி சொல்லிவிட்டார்.

முத்தண்ணன் தன் கறுப்புக் கோட்டு ஒன்றை எனக்கு மாட்டிவிட்டு, கூடவே புத்திமதியும் சொன்னார்.

"இது புவே இல்லடா, கடலை கொறிச்சிக்கிட்டுப் பாக்க. துரைசானி பக்கத்துல உக்காரப் போற. வாயத் தொறக்காத."

(புவே என்றால் விடிய விடிய நடக்கும் பர்மியக் கூத்து. அதற்கு நாங்கள் பாயோடு போவோம்.)

வாயை நான் திறக்கவே இல்லை. கையைப் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

திரை விலகியதும் எனக்கு மூச்சு நின்றது. ஐம்பது வாத்தியங்கள், முன்னால் நின்று ஒருவர் ஆட்டிய குச்சிக்குக் கட்டுப்பட்டு ஒரே குரலாக எழுந்தன. நம் ஊர்க் கச்சேரியில் மூன்று வாத்தியம் சேர்ந்து போவதற்குள்ளேயே சண்டை வந்துவிடும். பாஷை ஒரு எழுத்தும் புரியவில்லை. காதலனைப் பிரிந்த ஒருத்தி என்பது மட்டும் புரிந்தது, அது போதுமாக இருந்தது. நல்ல பாட்டைக் கேட்டுத் தாளம் போடாமல் உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டில் அவமரியாதை. வலது கை தானாகத் தொடையில் இறங்கியது. துரைசானி ஒருமுறை குனிந்து என் தொடையைப் பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

கடைசிக் காட்சியில் அத்தனை வாத்தியமும் நின்றுவிட்டது. அந்தப் பெண் தனியாக ஒரு சுரத்தைப் பிடித்தாள். அது நீண்டுகொண்டே போயிற்று. எட்டு எண்ணினால் ஆதி தாளத்தில் ஒரு சுற்று. ஒரு சுற்று முடிந்தது, இரண்டு முடிந்தது. கொட்டகையில் யாரும் மூச்சுவிடவில்லை. மூன்றாவது சுற்று முடிந்ததும் இறங்கிவிடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்த இடத்தில், சேர்ந்து இறங்கும் உற்சாகத்தில், தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

அவள் இறங்கவில்லை.

அந்த நிசப்தத்தில் அது வெடிபோலக் கேட்டது. பாட்டு முடிந்தது என்று பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். உடனே கொட்டகை முழுவதும் தட்டியது. குச்சிக்காரர் திரும்பி முறைத்தார். துரையின் கழுத்து சிவந்தது. என் கப்பல் புகைவிட்டுப் புறப்படுவது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு கைதட்டல் வெட்கப்பட்டு ஒவ்வொன்றாக அடங்கியது. அடியில் அந்தச் சுரம் அப்படியே இருந்தது. அவள் விடவே இல்லை. அத்தனை இரைச்சலுக்கும் கீழே, நடுங்காமல், மெல்லியதாகப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள். கப்பல், கணக்கு எல்லாம் மறந்துபோய் நான் அழுதேன்.

திங்கட்கிழமை துரை என்னை நிற்க வைத்தே விசாரித்தார். எதற்கு அப்படி அடித்தாயென்று கேட்டார். தாளக் கணக்கைச் சொன்னேன்.

"எத்தனை எண்ணினாய்?"

"நான் கெடுத்த இடம் வரைக்கும் இருபத்திநாலு சார்."

"அதற்குப் பிறகு?"

"எண்ணவில்லை சார். அழுதுகொண்டிருந்தேன்."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தானும் அதற்குப் பிறகு எண்ணவில்லை என்று காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

கணக்கில் தேறினேன், வேலைக்குப் போனேன், கல்யாணமும் ஆயிற்று. இந்தக் கதையை மனைவியிடம் சொன்னதுதான் பிசகு. இப்போது எந்தக் கச்சேரிக்குப் போனாலும் என் வலது கை அவள் மடியில்தான் இருக்கிறது. முதுமையில் என்ன அன்யோன்யம் என்று சபாவில் எங்களைக் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். பாடகர் தொண்டையைச் செருமியதும் பின்வரிசையிலிருந்து என் மகள் குனிந்து கேட்பாள்:

"அம்மா, அப்பா கையப் பிடிச்சாச்சா?"