சிவப்புக்குத் தாவிய ஊசி

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் தலைகீழாக நின்றாலும் கோபகபானாவுக்குக் கார் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் எடுத்த முதல் முடிவு. அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் லா பாஸில் கார் வைத்திருப்பவன் வருடத்துக்கு ஒரு தடவை கோபகபானாவில் இருக்கும் ஏரிக்கரை மாதா கோவிலுக்குப் போயாக வேண்டும். காருக்கு மாலை போட்டு, பாதிரியார் தீர்த்தம் தெளிக்கும்போது சொந்தக்காரன் பானெட்டைத் திறந்து பிடிக்க வேண்டும். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், கூடவே மாமியார். நானோ அன்று மூன்று மணிக்கு ஸ்டேடியத்தில் இருக்க வேண்டியவன். ஊரின் இரண்டு அணிகளும் மோதும் இறுதி ஆட்டம்! டிக்கெட் கோட்டுப் பையில் இருந்தது. மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, மீட்டரின் எர்த் வயர் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சூடு காட்டும் ஊசி சிவப்புக்குத் தாவியது, விழுந்தது, மறுபடி தாவியது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே மாமியார் தொப்பியும் உருளைக்கிழங்கு மூட்டையுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபெர்மினா, ஊசியைப் பாரு. போற வழியிலே கொதிச்சு நின்னுடும்" என்றேன் மனைவியிடம்.

"அப்ப கட்டாயம் போகணும் கிழவா. போன வருஷம் முதுகுவலின்னு ஏமாத்தினே இல்ல? மாதாவோட கோபம்தான் அங்க குதிக்குது."

"மாதாவுக்கு ஊசியில என்ன வேலை? இது தெர்மோஸ்டாட். இல்லேன்னா வாட்டர் பம்ப். கேஸ்கெட்டாக்கூட இருக்கலாம்."

"மூணுல எது?"

"மூணுமே இருக்கலாம்."

"இரு, ஞானத்தகப்பனைக் கூப்பிடறேன்."

எங்கள் பக்கம் ஞானஸ்நானக் குழந்தைக்குப் போலவே காருக்கும் ஞானத்தகப்பன் உண்டு. முதல் பூசையில் அதன் தலையில் பீர் ஊற்றியவன். எங்கள் காருக்கு அது இவள் தம்பி மசெதோனியோ. என் போதாத காலம், அவன் மெக்கானிக்.

வந்தான். பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் குழாயைப் பிடித்துப் பார்த்தான்.

"மச்சான், குழாய் ஜில்லுனு இருக்கு. ஊசி மட்டும் சிவப்புல நிக்குது."

"சூடு உள்ளுக்குள்ள இருக்கு. வெளிய தெரியாது."

"இண்டிகேட்டர் போடுங்க."

போட்டேன். விளக்கு மினுக் மினுக்கென்றது. பாழாய்ப்போன ஊசியும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. ஹெட்லைட் போடச் சொன்னான். ஊசி சிவப்பையும் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நின்றது. அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"சிக்கலான கேஸ்தான்" என்றான் மசெதோனியோ. "பாரம் வெச்சு ஏத்தத்துல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். மேல டோல்கேட் வரைக்கும் போங்க. பாரத்துக்கு அம்மா ஏற்கெனவே உள்ள இருக்காங்க."

"கோட்டைக் கழட்டு கிழவா, கிரீஸ் பட்டுடும். அரை மணி நேர வேலை" என்று ஃபெர்மினா ஒரு பழைய ஸ்வெட்டரை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். மசெதோனியோ வாசலிலேயே நின்றுகொள்ள, அவள் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

டோல்கேட் வந்தது.

"ஊசி?"

"ஆடுது. திரும்பிடலாமா?"

"இன்ஜின் இன்னும் சூடே ஏறலையே. அடுத்த ஊர் வரைக்கும் பாத்துடுவோம்."

அடுத்த ஊர் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒரு கண் ஊசியில், ஒரு கண் கடிகாரத்தில். சாலையை மாமியார் பார்த்துக்கொண்டாள். இப்போது திரும்பினால் பதினொன்றுக்கு வீடு. இப்போது திரும்பினால் பதினொன்றரை என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடியே ஓட்டினேன். சீட்டில் முள் முளைத்தது போலிருந்தது. கடைசியில் கோவிலுக்குப் போகும் வழியில் ஏரியே குறுக்கே வந்துவிட்டது. கார்களை ஏற்றி அக்கரை கொண்டுபோகும் பலகைப் படகு எதிரே நின்றது.

"நல்லதாப் போச்சு" என்றாள் ஃபெர்மினா. "படகுல ஏத்திட்டு இன்ஜினை அணை. அணைச்சப்புறம் ஊசி எங்க நிக்குதுன்னு பாக்கணுமாம். மசெதோனியோ சொன்னான்."

நியாயமாகத்தான் பட்டது. ஏற்றினேன். அணைத்தேன். பின்னாலேயே ஒரு லாரி ஏறி வழியை அடைத்தது. கரை மெல்ல நகர்ந்தது.

ஃபெர்மினா குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, இரண்டு விரலால் எதையோ திருகினாள்.

"சாவியைத் திருப்பு."

திருப்பினேன். ஊசி நடுவில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது. இண்டிகேட்டர் போட்டேன். அசையவில்லை.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"நேத்து உன் ரெண்டு காலும் கார் கதவுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்ததே, அப்பவே. எந்த நட்டுன்னு மட்டும்தான் தெரியல. விளக்குப் போட்டா ஊசியும் ஆடுதுன்னா எர்த் வயர் நட்டுதான்னு தம்பி கண்டுபிடிச்சு என் காதுல சொன்னான்."

மானம் போனால் போகிறது, ஆட்டம் போகக்கூடாது. மணி பத்துகூட ஆகவில்லை.

"ஃபெர்மினா, என் தங்கமே! அக்கரை போனதும் இதே படகுல திரும்பிடறேன். நீயும் அத்தையும் பஸ்ஸுல போங்க. மூணு மணிக்கு ஸ்டேடியம் போயிடலாம். டிக்கெட் வெச்சிருக்கேன்!"

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தெரியும் கிழவா. ஸ்டேடியத்துல குளிருமேன்னுதான் உன் கோட்டை மசெதோனியோவுக்குப் போட்டு அனுப்பியிருக்கேன்."