வோல்டேஜ் அண்ணன் வாங்கிய மைக்ரோவேவ்

ஹட்டன் சுற்றுவட்டாரத்திலேயே சொந்த வீட்டுக்காரன் மிதப்போடு வாழ்கிறவர் எங்கள் வோல்டேஜ் அண்ணன் ஒருவர்தான். அந்த வீடு அவருக்குச் சொந்தமில்லை என்பது ஒன்றுதான் குறை. தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் அவருடைய காம்பராவும் தோட்டத்துடையது, சுவரும் தோட்டத்துடையது, மேலே கிடக்கும் தகரமும் தோட்டத்துடையது. அந்தத் தகரத்தில் ஒழுகுகிற தண்ணீரை மட்டும் எங்களுக்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவர். அவர் வீட்டில் எந்தச் சாமானை பிளக்கில் சொருகினாலும் லயம் முழுக்க பல்பு மங்கும், அதனால் இந்தப் பெயர். அசல் பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவர் காம்பராவும் எங்கள் காம்பராவும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் ஒரே சுவர்தான்.

அவர் மனைவி லெட்சுமி அக்கா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். மத்தியானம் மலையிலிருந்து ஓடி வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஓட வேண்டும். விறகடுப்பை ஊதிப் பற்றவைப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும். காஸ் அடுப்பென்றால் அக்காவுக்குப் பயம். ஆகவே விடியலில் சுட்ட ரொட்டியை ஆறியபடியே தின்பார். எங்கள் ஊர்க் குளிரில் ஆறிய ரொட்டியைக் கூரைக்குப் போடலாம், வயிற்றுக்குப் போடக் கூடாது. அக்காவின் வயிறு கெட்டே போய்விட்டது. அண்ணனுக்கு அது தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து கொழும்பில் யாரோ ஒருவரின் மாடி வீட்டில், சுவருக்குள் புதைத்த மைக்ரோவேவைப் பார்த்துவிட்டு வந்தார். சனி பிடித்தது.

"ஏண்ணே, எல்லாரும் மாதிரி மேச மேல வச்சா என்ன?" என்று கேட்டேன்.

"மேசய எங்கப்பா போடுறது? முன் அறையில மகன் குடும்பம் இருக்கு. அடுப்பிருக்கிற குசினியில ஒருத்தி உக்காரத்தான் எடம். பெட்டிய உள்ள வச்சா லெட்சுமிய தூக்கி வெளியில வைக்கணும்."

அவர் பெட்டி தேர்ந்தெடுத்த விதம் இருக்கிறதே, பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு பந்தா காட்ட மாட்டான். சட்டைப் பைக்குள் ஆறிய ரொட்டியைப் போட்டுக்கொண்டு ஹட்டன் டவுனில் கடை கடையாக ஏறினார். விலை கேட்க மாட்டார். ரொட்டியை எடுத்து நீட்டுவார்.

"இத சூடாக்கிக் காட்டுங்க தம்பி, பொறவு பேசுவோம்."

கடைப் பையன்கள் முழிப்பார்கள். இவரோ ரொட்டியை வாங்கி, கடை நடுவில் நின்று மென்று பார்த்து, "ஓரம் வெந்திருக்கு, நடுவுல குளுருது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்குவார். கடைசியில் ஒரு கடையில் சொல்லிவைத்ததன் பேரில் கொழும்பிலிருந்து சின்னதாக ஒன்று வந்தது. சுவரில் பதிக்கிற ரகத்தில் அதைவிடச் சின்னது கிடையாதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தால், சுவரின் கனம் ஒரு சாண், பெட்டியின் ஆழம் இரண்டு சாண்.

அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, பெட்டியோட முதுகு ஒங்க பக்கம் ஒரு சாண் நீட்டிக்கிட்டு இருக்கும். கொஞ்சம் காத்தும் விடணுமாம்."

என் மனைவி முந்திக்கொண்டாள். "முதுகு பக்கம் சூடு வருமாண்ணே?"

"நல்லா வரும் தாயி."

"அப்ப வைங்க. புள்ளைங்க யூனிஃபோர்ம காயப்போட்டுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை சுவரை உடைத்தார். அன்று முழுக்க அந்த ஓட்டை வழியாக மாசிச் சம்பல் இங்கே வந்தது, பருப்பு அங்கே போனது, இரண்டு பெண்களும் வாய் ஓயாமல் பேசினார்கள். அத்தனை வருடம் முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்த இரண்டு வீடுகள் அன்றுதான் முகம் பார்த்தன. எவனோ போய், தோட்டத்து வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா காதில் போட்டுவிட்டான்.

தகரம் ஒழுகுகிறது என்று வருடக்கணக்காகக் கத்தியிருக்கிறோம், ஒரு நாய் எட்டிப் பார்த்ததில்லை. சுவரில் ஒரு ஓட்டை என்றதும் மறுநாளே ஜீப் வந்தது. தோட்டத்து மேனேஜர் துரை இறங்கினார், பின்னாலேயே கண்டாக்கு.

"யார கேட்டு தோட்டத்து சுவர ஒடச்ச? இடிஞ்சி விழுந்தா யாரு பொறுப்பு?" என்றார் துரை.

"இது தானாவே விழுற சுவருதாங்க ஐயா. நா கொஞ்சம் முந்திக்கிட்டேன்."

கண்டாக்கு சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார். துரை சிரிக்கவில்லை. "நாளைக்குள்ள மூடணும். இல்லாட்டி காம்பராவ காலி பண்ணு."

அண்ணனின் பாட்டனார் பிறந்த காம்பரா அது. காலி பண்ணு என்று சொல்ல அந்த மனிதருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை கடைக்காரர்களைத் திணறடித்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சீமெந்து குழைத்தார். அவர் பக்கம் அவர் பூசினார், எங்கள் பக்கம் நான் பூசினேன். ஓட்டை வழியாக வந்த பெண்களின் பேச்சுச் சத்தம் நின்றுபோனது.

பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அது குசினியில் அக்கா உட்காரும் இடத்தில் ஒரு பலகை மேல் ஏறிக்கொண்டது. இப்போது லயத்து பல்பெல்லாம் மங்கினால் அக்காவின் ரொட்டி சூடாகிறது என்று அர்த்தம். சூடு உண்டு, உட்காரத்தான் இடமில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடியே தின்றுவிட்டு மலைக்கு ஓடுகிறார்.

போன வாரம் மத்தியானம் எங்கள் வீட்டு ஃபியூஸ் போய்விட்டதென்று அண்ணனைக் கூப்பிட்டேன். வேலை முடிந்ததும் என் மனைவி எங்கள் இருவருக்கும் சோறு போட்டுக் கொடுத்து, அவருக்கு நாற்காலியை இழுத்து வைத்தாள். பீங்கான் தட்டை வாங்கிக்கொண்டவர் நின்றபடியே பிசைந்து தின்ன ஆரம்பித்தார்.

"உக்காருங்கண்ணே," என்றேன்.

"வேணாம்ப்பா. இந்நேரம் லெட்சுமி அங்க நின்னுக்கிட்டுத்தான் சாப்புடுவா."

என் பீங்கானைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன்.