பிரீமியத் தியாகி

மெல்பர்னில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய், பிரீமியத் தியாகி ஒருவரிடம் மாட்டாமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறீர்களா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டி, ஒரு மனிதனை இடித்து, பிடிபட்டு, கோர்ட்டில் கைகட்டி நின்று, லைசென்ஸைப் பறிகொடுத்து, ஒன்றரை வருடம் கழித்து அது திரும்பி வந்ததும், இன்சூரன்ஸ் கம்பெனிகள் தன்னைக் கொள்ளையடிப்பதாக நெஞ்சில் அடித்துக்கொள்ளும் இனம் இது. நோபிள் பார்க்கில் குடியிருக்கும் சிறிதரன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர்.

"ரெண்டே ரெண்டு கிளாஸ், மச்சான்! அதுக்கு ரெண்டு கம்பெனிக்காரன் ஏலாது எண்டிட்டான். மூண்டாமவன் வருசத்துக்கு நாலாயிரத்து முந்நூறு டொலர் கேக்கிறான். முந்தி ஆயிரத்து நூறு! அநியாயமில்லையே?"

இரண்டு கிளாஸுக்கு பொலிஸின் ஊதும் மெஷின் ஏன் சட்ட அளவைப்போல் மூன்று மடங்கு காட்டியது? கேட்காதீர்கள். இடித்தது யாரை? அதையும் கேட்காதீர்கள். "ஒரு சைக்கிள்காரன் வந்து விழுந்திட்டான்" என்பார். வந்து விழுந்தானாம்! படகில் வந்து, தற்காலிக விசாவில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவன். ஆறு மாதம் பெடலை மிதிக்க முடியாமல் கிடந்தவன். இன்றும் காலில் இரும்புக் கம்பியோடு நடக்கிறவன். கம்பெனிக்காரன் கேட்ட தொகையைச் சதம் பிசகாமல் ஒப்பிக்கும் சிறிதரனுக்கு அவன் பெயர் மட்டும் நினைவில் இல்லை.

எல்லாம் கண்ணூறுதான் என்று முடிவுகட்டி, லைசென்ஸ் வந்த மறுநாளே காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். கார் புதிதாக வந்த அன்றும் இதேபோல் நான்கு பழங்கள் நசுங்கின. சைக்கிள்காரனை இடித்த இரவு அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று ஐயரிடம் அவர் கேட்கவில்லை. ஊதிக் காட்டினால்தான் காரைக் கிளப்பவிடும் கருவி ஒன்றைக் கோர்ட் உத்தரவுப்படி பூட்டியிருந்தார்களே, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைக்கச் சொன்னார். வைத்தார்கள்.

கடவுள் பக்கம் முடிந்தது. மிச்சம் மனைவி பக்கம்.

யோகராணி முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டி ஒரு அபராதம்கூட வாங்காதவள். குசினி மேசையில் லாப்டொப் இன்சூரன்ஸ் விண்ணப்பத்தோடு திறந்திருந்தது.

"இஞ்ச வாரும். காரை உம்மடை பேரிலை போடுவம். நீர்தான் மெயின் டிரைவர். இதிலை 'இல்லை' எண்டு ஒரு டிக் போட்டாக் காணும்."

வாசித்தாள். இந்தக் காரை ஓட்டப்போகும் யாராவது கடந்த ஐந்து வருடத்தில் லைசென்ஸை இழந்ததுண்டா?

"அப்ப நீங்கள் ஓடமாட்டியளோ?"

"ஓடுவன்தான். அவங்களுக்கு ஆர் சொல்லப்போறது?"

"அப்ப அந்த ஊதுற மெஷின் ஆருக்குப் பூட்டினது? எனக்கோ?"

"பகிடி விடாதையும். எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்."

எல்லாரும் செய்வதுதான். நாளைக்கு இவர் இன்னொரு காரை இடித்தால் கம்பெனி கையை விரிக்கும். பொய் அவள் பெயரில் இருக்கும். உடைந்ததற்கெல்லாம் வழக்கும் அவள் பெயருக்கே வரும்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பெடியன்ரை பேர் என்ன?"

"எந்தப் பெடியன்?"

"உங்கடை காரிலை வந்து விழுந்தவன்."

"இப்ப அதேன்?"

"சதீசன்" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு நாலுதரம் போய்ப் பாத்தனான்."

'ஓம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். திரையில் நாலாயிரத்து முந்நூறு வந்து நின்றது. சிறிதரன் தலையில் கை வைத்தார். அவள் சப்பாத்தைக் கழற்றினாள்.

"கட்ட ஏலாட்டி பஸ்ஸிலை போங்கோ."

அடுத்த விழாவில் இந்தக் கதையும் சேர்ந்துவிடும்: "மனுசியே காட்டிக் குடுத்திட்டாள், மச்சான்." மண்டபத்துக்கு வெளியே, கார் டிக்கியைத் திறந்து வைத்துப் போத்தலைச் சுற்றி நிற்கும் நண்பர்கள் 'உச்' கொட்டுவார்கள், ஆறுதலுக்கு ஒன்று ஊற்றுவார்கள். ஊற்றும் கை யாருடையது? சதீசனை இடித்த அந்த இரவும் "ஒரு கிளாஸ் ஒண்டும் செய்யாது" என்று நீட்டியது யார்? சாவியைத் தடவித் தேடியவருக்குச் சிரித்துக்கொண்டே கையசைத்து விடைகொடுத்தது யார்? உங்கள் கையைக் கொஞ்சம் பாருங்கள்.

வருகிற சனிக்கிழமை உங்களுக்கும் எங்கோ விழா இருக்கும். அந்த டிக்கியை மூடுங்கள். குடித்தவரிடம் சாவியைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், சதீசன் என்ற பெயரைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.