வலப்பெட்டி எலிகள் பயப்படாத விவகாரம்

மொன்றியல், கனடா
13.2.1986

மதிப்புக்குரிய சீதேவி அக்காவுக்கு,

தம்பி இரவிச்சந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். கொழும்பில் நீங்களும் அத்தானும் சுகம் என்றே எண்ணித் தொடர்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டீர்கள். எலி பார்ப்பது. முதல் நாள் பெட்டிக்குள் மணி ஒலிக்கும். கூடவே எலியின் காலில் மின்சாரம். அது இயந்திரத்தின் வேலை. மறுநாள் மணி மட்டும். பயந்த எலி அசையாது. மூச்சு மட்டும் ஓடும். அந்த வினாடிகளை அளப்பது என் வேலை.

நாளை பேராசிரியர் வேலையை உறுதிசெய்து கடிதம் தந்தால்தான் உங்களை இங்கே கூப்பிட மனுப் போடலாம்.

அங்கேதான் சிக்கல். இன்னொருவர் பார்க்கும் இடப்பெட்டி எலிகள் நிமிடத்தில் நாற்பது வினாடி உறைந்து நிற்க, என் வலப்பெட்டி எலிகள் நாலே வினாடி நின்றுவிட்டு முகம் கழுவப் போய்விடுகின்றன, பேராசிரியர் என் தாள்களைப் பார்த்து எனக்கு எண்ணத் தெரியுமா என்று கேட்டார், கடிகாரத்தை மாற்றினார், பிறகு என் கண்ணாடியைக் கழற்றச் சொல்லித் தானே போட்டுப் பார்த்தார், நாற்பது என்று எழுதிவிடலாமோ என்று கூட யோசித்தேன் அக்கா, பொய் சொல்லக் கூடாது, யோசிச்சனான், அந்த நேரம் பார்த்து கூடு கழுவும் திருகோணமலை அக்னெஸ் அன்ரி வந்தா.

"தம்பி, எலிக்கு ஞானஸ்நானம் குடுக்கிறீரோ? ஒவ்வொண்டாத் தூக்கி வைச்சு என்னவோ முணுமுணுக்கிறீர்."

"பயப்பிடாதை, இண்டைக்குக் கறண்ட் இல்லை எண்டு சொல்லுறனான், அன்ரி."

"உமக்கு ஆர் சொல்லுறது?"

எழுந்து போனேன். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. என் குரல் கேட்டால் மின்சாரம் வராது என்று எலிகள் கற்றிருக்கலாமாம். நாளை என் குரலை ஒலிநாடாவில் பதிவுசெய்வார்கள். தமிழ் வென்றுவிட்டது, அக்கா.

அத்தானுக்கு அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். முருகன் உங்களோடு இருக்கட்டும்.

தம்பி
இரவி

பி.கு.: வெள்ளி மாலை. தமிழ் வெல்லவில்லை. பதிவுக்கு முன் பேராசிரியர் வலப்பெட்டியின் தரைக்கம்பியில் கை வைத்தார். ஒன்றுமில்லை. வயர் கழன்று மூன்று கிழமையாம். அந்த எலிகளுக்கு எதுவுமே நடந்திருக்கவில்லை. வேலை போயிற்று என்று நான் என் குளிர்க்கோட்டை எடுத்தேன். எங்கே போகிறீர் என்றார். பயமில்லாத எலிக்குப் பயமில்லை என்றே எழுதியிருக்கிறீர். நாற்பது என்று எழுதியிருந்தால் இன்று வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது.

கடவுச்சீட்டு அளவில் ஆளுக்கு நாலு படம் உடனே அனுப்புங்கள். அசையாமல், சிரிக்காமல் இருக்கும்படி படக்காரர் சொல்லுவார். சிரிக்கிற விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.